வடமொழி, பாலிச் செய்யுள்களின் சந்த அளவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுலோகங்களையும் தோத்திரங்களையும் பாலிச் சுத்தங்களையும் (பாலி மொழியில் உள்ள பௌத்த உபதேசங்கள்) தமிழ் எழுத்தில் வைத்துப் படிப்பவர்கள் அவற்றின் யாப்பைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. வடமொழி இலக்கணப் பயிற்சி தேவையில்லை. காட்டப்படும் அடிகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும். எடுத்துக்காட்டுகளில் ‘ல’ என்பது லகுவையும் ‘கு’ என்பது குருவையும் குறிக்கும்.

இந்தச் செய்யுள்களில் எதை அளக்கிறார்கள்?

ஒவ்வோர் அட்சரமும் (ஓர் உயிரொலியைக் கொண்ட ஒலித்துண்டு) ஒலிக்க எடுத்துக்கொள்ளும் காலத்தை அளக்கிறார்கள். குறுகியது லகு, அதற்கு ஒரு மாத்திரை. நீண்டது குரு, அதற்கு இரண்டு மாத்திரை. குறில் உயிரோடு முடிந்து, அடுத்து ஒற்றை மெய்யோ உயிரோ வந்தால் அந்த அட்சரம் லகு. நெடில் உயிர் எப்போதும் குரு. குறிலாக இருந்தாலும் அடுத்து இரண்டு மெய்கள் சேர்ந்து வந்தாலும், அநுஸ்வாரமோ (‘ம்’ போன்ற மூக்கொலி) விஸர்க்கமோ (‘:’ என்று குறிக்கப்படும் மூச்சொலி) தொடர்ந்தாலும் அதுவும் குருவாகிவிடும். உயிருக்கு முன்னால் எத்தனை மெய்கள் நின்றாலும் அவை கணக்கில் சேர்வதில்லை. பின்னால் வருவதே அளவை நிர்ணயிக்கிறது.

கீதையின் முதல் அடியில் இதைப் பார்க்கலாம்: ‘தர்மக்ஷேத்ரே குருக்ஷேத்ரே’. இதில் ‘தர்’ கு; ‘ம’ குறிலானாலும் பின்னால் ‘க்ஷ’ என்ற கூட்டெழுத்து வருவதால் கு; ‘க்ஷே’ கு; ‘த்ரே’ கு. அடுத்து ‘கு’ லகு. ‘ரு’ என்பதும் குறில்தான், ஆனால் மறுபடியும் ‘க்ஷ’ வருவதால் அது குரு. சொல் எங்கே முடிகிறது என்பது இந்தக் கணக்கில் பொருட்டன்று. பாதம் (செய்யுளின் ஓர் அடி) முழுவதும் ஒரே மூச்சில் ஓடும் ஒலியாகவே கொள்ளப்படும். பாதத்தின் கடைசி அட்சரம் மட்டும் லகுவாக இருந்தாலும் தேவைக்கேற்பக் குருவாக எண்ணப்படும்.

தமிழ் யாப்பின் நேரசை, நிரையசையும் இதுவும் ஒன்றா?

இல்லை. தமிழில் ‘வரும்’ என்பது ஒரே நிரையசை. வடமொழிக் கணக்கில் அது லகு, குரு என இரண்டு அட்சரம். தமிழ் அசை குறில்களை இணைத்துக் கட்டுகிறது, அசைகளைச் சீராக்குகிறது, சீர்களுக்கு இடையே தளை பார்க்கிறது. வடமொழி விருத்தத்தில் தளை என்பதே கிடையாது. பாதத்தின் எந்த இடத்தில் லகு, எந்த இடத்தில் குரு என்பது மட்டுமே நிர்ணயம். தமிழில் அட்சர எண்ணிக்கைக்கு நெருங்கி வருவது கட்டளைக் கலித்துறை: ஒற்று நீக்கி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து. ஆனால் அங்கும் அசையும் தளையும் கைவிடப்படுவதில்லை. வடமொழி இலக்கணத்தின் வழியில் தமிழுக்கு இலக்கணம் செய்த பௌத்தரான புத்தமித்திரர், 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியத்தில் யாப்புக்கென ஒரு பகுதி ஒதுக்கினார் என்பதும் இந்த இரண்டு மரபுகளும் ஒன்றை ஒன்று அறிந்தே வளர்ந்தன என்பதற்குச் சான்று.

தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. நமக்கு ஐகாரக் குறுக்கம் பழக்கமானது. வடமொழியில் ஐ, ஔ, ஏ, ஓ ஆகிய நான்கும் எங்கு வந்தாலும் முழு இரண்டு மாத்திரை பெறும்.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட தோத்திரப் புத்தகத்தை வைத்துச் சந்தம் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். க, ச, ட, த, ப வரிசைகளின் நான்கு வகை ஒலிகளைத் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாது என்பது உச்சரிப்புக்குக் குறையே தவிர, சந்தக் கணக்குக்குக் குறையன்று. காற்றோடு ஒலிக்கும் மெய்யும் ஒரே மெய்தான்.

இடறும் இடம் வேறு. வடமொழியில் ரு என்பதைப் போல ஒலிக்கும் ஓர் உயிரெழுத்து இருக்கிறது; அது குறில். தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லாததால் ‘க்ரு’, ‘ம்ரு’ என்று எழுதுகிறோம், அது கண்ணுக்குக் கூட்டெழுத்தாகத் தெரிகிறது. ‘அம்ருதம்’ என்று அச்சில் பார்ப்பவர் ‘அம்’ குரு என்று கொள்வார். உண்மையில் அங்கே இருப்பது ‘ம்’ என்ற ஒரே மெய்யும் அந்த உயிரும்தான்; ஆகவே ‘அ’ லகு, அடுத்த அட்சரமும் லகு. ‘ப்ரக்ருதி’ என்பதிலும் அப்படியே: ல, ல, ல. ஆனால் ‘சக்ரம்’ என்பதில் வருவது உண்மையான கூட்டெழுத்து. அங்கே ‘ச’ குரு. கணக்கு உதைக்கிறது என்று தோன்றும் இடங்களில் முதலில் இந்த ருகரத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பல சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

வேதத்தின் சந்தங்களுக்கும் இந்த விதிகள்தானா?

வேதச் சந்தங்களில் அட்சர எண்ணிக்கைதான் முதன்மை. காயத்ரிக்கு எட்டெட்டாக மூன்று பாதம், மொத்தம் 24, அநுஷ்டுப்புக்கு 32, திருஷ்டுப்புக்கு 44, ஜகதிக்கு 48. லகு, குரு ஒழுங்கு பாதத்தின் பிற்பகுதியில் மட்டும் ஓரளவு நிலைபெற்றிருக்கும். காயத்ரி மந்திரத்தின் முதல் பாதமான ‘தத் ஸவிதுர் வரேண்யம்’ எழுத்தில் ஏழு அட்சரமே. சந்தப்படி அதை ‘வரேணியம்’ என்று விரித்து எட்டாக்கிக் கொள்ள வேண்டும். எழுதியபடி எண்ணினால் குறையும், ஒலித்தபடி எண்ணினால் நிறையும் என்ற இந்தச் செய்தி பாலிச் செய்யுள்களில் மிகப் பெரிதாகத் திரும்பி வரும்.

சுலோகத்துக்கு விதி உண்டா, எட்டெட்டாக எண்ணினால் போதாதா?

எட்டெட்டாக எண்ணுவது பாதி வேலைதான். இராமாயணம், மகாபாரதம், மநு ஸ்மிருதி, தம்மபதத்தின் பெரும்பகுதி எல்லாம் இந்தச் சந்தத்தில் இருப்பதால், ஒன்றை மட்டும் கற்பதானால் இதையே கற்க வேண்டும். விதி சிறியது: நான்கு பாதங்களிலும் ஐந்தாம் அட்சரம் லகு, ஆறாம் அட்சரம் குரு, ஏழாம் அட்சரம் ஒன்று, மூன்றாம் பாதங்களில் குரு, இரண்டு, நான்காம் பாதங்களில் லகு. முதல் நான்கு அட்சரங்களுக்கு ஏறக்குறைய முழுச் சுதந்திரம்; இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து லகுவாக வரக்கூடாது என்பது முக்கியமான கட்டுப்பாடு.

வால்மீகியின் வாயில் முதன்முதலில் பிறந்ததாகச் சொல்லப்படும் சுலோகத்தையே எடுத்துக்கொள்வோம்:

மா நிஷாத ப்ரதிஷ்டாம் த்வம் / அகம: ஶாஶ்வதீ: ஸமா:

முதல் பாதம்: மா கு, நி ல, ஷா கு, த கு (பின்னால் ‘ப்ர’ வருவதால்), ப்ர ல, திஷ் கு, டாம் கு, த்வம் கடைசி. ஐந்து, ஆறு, ஏழு: ல கு கு. இரண்டாம் பாதம்: அ ல, க ல, ம: கு, ஶா கு, ஶ்வ ல, தீ: கு, ஸ ல, மா: கு. ஐந்து, ஆறு, ஏழு: ல கு ல. இந்த ‘ல கு கு’ என்ற ஏற்றமும் ‘ல கு ல’ என்ற இறக்கமும் மாறி மாறி வருவதுதான் சுலோகத்தின் நடை. முதல் பாதி நிமிர்ந்து நின்று காதைக் காக்க வைக்கிறது, இரண்டாம் பாதி வந்து முடித்து வைக்கிறது. ஒரு சுலோகத்தைப் பாதி கேட்ட உடனேயே ‘இன்னும் வர வேண்டியிருக்கிறது’ என்று தோன்றுவதற்குப் பொருள் மட்டும் காரணமன்று.

ஒன்று, மூன்றாம் பாதங்களில் இந்த ‘ல கு கு’ ஒழுங்கு சில சமயம் மாறி வரும். அந்த மாற்றங்களுக்கு விபுலை என்று பெயர்; ந, ப, ம, ர என்ற கணப்பெயர்களால் (கணங்கள் பற்றி அடுத்த கேள்வியில்) நான்கு விபுலைகளைப் பிரித்துச் சொல்வார்கள். இரண்டு, நான்காம் பாதங்களின் முடிவில் மட்டும் கை வைப்பதில்லை.

ய, ம, த, ர, ஜ, ப, ந, ஸ என்ற எட்டுக் கணங்கள் எதற்கு?

மும்மூன்று அட்சரங்களாகப் பிரித்துச் சந்தத்தைச் சுருக்கமாக எழுதுவதற்கு. மூன்று இடம், ஒவ்வொன்றிலும் லகு அல்லது குரு. ஆகவே எட்டுச் சேர்க்கைகள், எட்டுக் கணங்கள். மிஞ்சும் ஓரெழுத்து லகுவானால் ல, குருவானால் க என்று பெயர். எட்டையும் ‘யமாதாராஜபாநஸலகம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறார்கள். எந்தக் கணம் வேண்டுமோ அந்த எழுத்திலிருந்து மூன்று எழுத்தைப் படித்தால் அதன் வடிவம் கிடைத்துவிடும். ய கணம்: ‘யமாதா’, ல கு கு. ர கணம்: ‘ராஜபா’, கு ல கு. ந கணம்: ‘நஸல’, ல ல ல.

வடமொழியின் பழைய யாப்பு நூலான பிங்கலரின் சந்த சூத்திரம் இந்தக் கணங்களோடு நிற்பதில்லை. எட்டாம் அத்தியாயத்தில் எல்லாச் சேர்க்கைகளையும் வரிசைப்படுத்தும் முறையையும் தருகிறது. வரிசை ம, ய, ர, ஸ, த, ஜ, ப, ந. இத்தனையாவது வரிசையில் என்ன இருக்கும் என்று முழு அட்டவணையையும் எழுதாமலேயே கண்டுபிடிக்கலாம்: எண் இரட்டைப்படையானால் பாதியாக்கி லகு எழுது, ஒற்றைப்படையானால் ஒன்று கூட்டிப் பாதியாக்கிக் குரு எழுது. ஆறாவது வரிசை வேண்டுமென்றால், 6 இரட்டை, லகு, கிடைப்பது 3. 3 ஒற்றை, ஒன்று கூட்டிப் பாதியாக்கினால் 2, குரு. 2 இரட்டை, லகு. ல கு ல, அதாவது ஜ கணம். வரிசையில் ஆறாவதாக இருப்பதும் அதுவே. இன்று கணினி இயங்கும் இரண்டடிமான எண்முறைக்கு அடிப்படையான சிந்தனை, செய்யுளை எண்ணிப் பார்க்கும் ஆசையிலிருந்து இந்தியாவில் அத்தனை முன்பே எழுந்தது என்பது இந்த எழுத்தாளருக்குத் தீராத வியப்பு.

வடமொழி படிக்காத நான் ஒரு விருத்தத்தைக் காதால் அடையாளம் காண முடியுமா?

ஏற்கெனவே கண்டுகொண்டிருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. விடியற்காலையில் வேங்கடேச சுப்ரபாதம் கேட்காத தமிழ் ஊர் குறைவு. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றியது என்பது வழக்கு. அதன் முதல் செய்யுளான ‘கௌஸல்யா ஸுப்ரஜா ராம’ இராமாயணத்திலிருந்து எடுத்த சுலோகம். அடுத்த ‘உத்திஷ்டோத்திஷ்ட கோவிந்த’ என்பதும் சுலோகமே. மூன்றாவதான ‘மாதஸ் ஸமஸ்த ஜகதாம் மதுகைடபாரே:’ என்ற இடத்தில் நடை சட்டென்று நீண்டு அகலுவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். அங்கே தொடங்குவது வசந்ததிலகம், பாதத்துக்கு 14 அட்சரம்:

மா தஸ் ஸ மஸ் த ஜ க தாம் ம து கை ட பா ரே:
கு கு ல கு ல ல ல கு ல ல கு ல கு கு

‘ஸ்ரீவேங்கடேஶ தயிதே தவ ஸுப்ரபாதம்’ என்ற பாதத்தை இதன் கீழ் வைத்து எண்ணிப் பாருங்கள். ஓர் அட்சரம்கூடப் பிசகாது. நடுவில் வரும் மூன்று லகுக்களின் வேகமும் அதை வாங்கி நிறுத்தும் குருவும்தான் இந்த விருத்தத்தின் முகம்.

கேதாரபட்டர் தம் யாப்பு நூலான விருத்தரத்நாகரத்தில் இதற்குச் சொல்லும் இலக்கணம் ‘உக்தா வஸந்ததிலகா தபஜா ஜகௌ க:’ என்பது. த, ப, ஜ, ஜ, பிறகு இரண்டு குரு என்று பொருள். அந்த வரியே வசந்ததிலகப் பாதமாக அமைந்திருக்கிறது: விதியும் அதன் எடுத்துக்காட்டும் ஒரே மூச்சில். மாணவர் மனப்பாடம் செய்த உடனேயே சந்தம் வாய்க்கு வந்துவிடும். கற்பிக்கும் முறைகளில் இதைவிடச் சிக்கனமான ஒன்றைக் காட்டுவது கடினம்.

ஒரே செய்யுளில் பாதங்கள் வேறுபட்டு வரலாமா?

பொதுவாக வராது, உபஜாதி என்பது விலக்கு. பதினோரு அட்சர இந்திரவஜ்ரையும் உபேந்திரவஜ்ரையும் முதல் அட்சரத்தில் மட்டும் வேறுபடுகின்றன: முன்னது குருவில் தொடங்கும், பின்னது லகுவில். இரண்டையும் கலப்பதே உபஜாதி. காளிதாசரின் குமாரசம்பவம் இப்படித்தான் தொடங்குகிறது: ‘அஸ்த்யுத்தரஸ்யாம் திஶி தேவதாத்மா / ஹிமாலயோ நாம நகாதிராஜ:’. முதல் பாதத்தில் ‘அஸ்’ குரு, இரண்டாவதில் ‘ஹி’ லகு. மற்றப் பத்து இடங்களும் ஒன்றே.

யதி என்பது என்ன? எல்லா விருத்தத்திலும் உண்டா?

நீண்ட பாதத்துக்குள் சொல் முடிந்து மூச்சு நிற்க வேண்டிய இடம் யதி. குறுகிய விருத்தங்களில் அது பெரிதாகத் தெரியாது. மந்தாக்ராந்தையில்தான் அதன் அழகு முழுமையாக வெளிப்படுகிறது. காளிதாசர் மேகதூதம் முழுவதையும் இந்த ஒரே விருத்தத்தில் பாடினார். பாதத்துக்கு 17 அட்சரம், நான்கு, ஆறு, ஏழு என்று மூன்று துண்டுகள்:

கஶ்சித் காந்தா / விரஹகுருணா / ஸ்வாதிகாராத் ப்ரமத்த:

முதல் துண்டு நான்கும் குரு. கால் எடுத்து வைக்கத் தயங்குபவனைப் போல அடி மெல்லப் புறப்படுகிறது. அடுத்த துண்டில் ஐந்து லகுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து ‘ணா’ என்ற குருவில் நிற்கின்றன; பொருளும் அங்கே பிரிவின் பாரத்தைச் சொல்கிறது. கடைசித் துண்டு ஊசலாடி அடங்குகிறது. பிரிந்தவன் மேகத்தைத் தூது விடும் கதைக்கு இந்தத் தயக்கமும் பாய்ச்சலும் எவ்வளவு பொருத்தம் என்பதை உரத்துப் படித்தால்தான் உணர முடியும்.

சௌந்தர்யலஹரியின் சிகரிணிக்கும் 17 அட்சரமே, ஆனால் யதி ஆறாவதில்: ‘ஶிவ: ஶக்த்யா யுக்தோ / யதி பவதி ஶக்த: ப்ரபவிதும்’. ஒரு லகுவில் தொடங்கி ஐந்து குருக்களில் ஏறி, ஐந்து லகுக்களில் இறங்குகிறது. அட்சர எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் இரண்டு விருத்தங்களும் காதுக்குச் சற்றும் ஒத்திருப்பதில்லை. சார்தூலவிக்ரீடிதம் 19 அட்சரம், யதி பன்னிரண்டில். ஸ்ரக்தரை 21 அட்சரம், ஏழேழாக மூன்று துண்டு.

மாத்திரையை மட்டும் எண்ணும் சந்தங்கள் எப்படி வேறுபடுகின்றன?

அங்கே அட்சரங்கள் கூடலாம், குறையலாம். காலம் மட்டும் மாறக்கூடாது. ‘பஜ கோவிந்தம் பஜ கோவிந்தம்’ என்பதில் பத்து அட்சரம். ‘ஸம்ப்ராப்தே ஸந்நிஹிதே காலே’ என்பதில் ஒன்பது அட்சரம். இரண்டுக்கும் மாத்திரை 16. அதனால்தான் இரண்டும் ஒரே தாளத்தில் உட்காருகின்றன.

இவ்வகையில் புகழ்பெற்றது ஆரியை: முதல் பாதிக்கு 30 மாத்திரை, இரண்டாம் பாதிக்கு 27. நான்கு மாத்திரைக் கணங்களால் நடக்கும் இந்தச் சந்தத்தில்தான் ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகையும் ஆரியபடீயத்தின் பெரும்பகுதியும் இருக்கின்றன. நான்கு மாத்திரையை லகு, குருக்களால் ஐந்து வகையில் நிரப்பலாம்; ஐந்து மாத்திரையை எட்டு வகையில்; ஆறு மாத்திரையைப் பதின்மூன்று வகையில். முந்தைய இரண்டு எண்களின் கூட்டே அடுத்த எண் என்ற இந்த வரிசையைச் சந்த நூலாரான விரகாங்கரும், 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் ஹேமசந்திரரும் விளக்கியிருக்கிறார்கள். இன்று அது இத்தாலியக் கணிதர் ஃபிபொனாச்சியின் பெயரால் வழங்குகிறது. அவருடைய நூல் 1202ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

தம்மபதம் போன்ற பாலிச் செய்யுள்களுக்கும் இதே விதிகள் பொருந்துமா?

அடிப்படை ஒன்றே. தம்மபதத்தின் முதல் அடியான ‘மனோபுப்பங்கமா தம்மா’: ம ல, னோ கு, புப் கு, பங் கு, க ல, மா கு, தம் கு, மா கடைசி. சுலோக விதி அப்படியே பொருந்துகிறது. ‘மனோஸெட்டா மனோமயா’ என்ற இரண்டாம் பாதமும் ல கு ல என்று முடிகிறது. ஆனால் அதே செய்யுளில் ‘பாஸதி வா கரோதி வா’ என்ற பாதத்தைப் பாருங்கள்: பா கு, ஸ ல, தி ல, வா கு. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து லகுவாக வரக்கூடாது என்ற பிற்கால வடமொழிக் கட்டுப்பாடு இங்கே கடைப்பிடிக்கப்படவில்லை. இதைப் பிழை என்று சொல்வது முறையன்று. அந்தக் கட்டுப்பாடு இறுகுவதற்கு முந்தைய, விரிந்த நடை இது.

மங்கள சுத்தத்தில் சில பாதங்களில் ஒன்பது அட்சரம் வருகிறதே, பாடம் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இந்தக் கேள்விக்குச் சரியாக விடை கண்டவருக்குப் பாலிச் சந்தம் பாதி கைவந்துவிட்டது என்று சொல்லலாம். செய்யுள் இது:

தபோ ச ப்ரஹ்மசரியஞ்ச / அரியஸச்சான தஸ்ஸனம் / நிப்பானஸச்சிகிரியா ச / ஏதம் மங்கலமுத்தமம்

கடைசிப் பாதம் எட்டு அட்சரம். மற்ற மூன்றும் ஒன்பது. இங்கே செயல்படுவது ஒரு குருவின் இடத்தில் இரண்டு லகுக்கள் நிற்கலாம் என்ற இணக்கம். இரண்டு லகுவும் ஒரு குருவும் மாத்திரையில் சமம் அல்லவா? முதல் பாதத்தில் ‘சரி’ என்ற இரண்டு லகுவையும் சேர்த்து ஆறாம் இடத்துக் குருவாகக் கொண்டால், ஐந்தாவது ‘ம’ லகு, ஆறாவது ‘சரி’ குருவுக்குச் சமம், ஏழாவது ‘யஞ்’ குரு. விதி நிறைவேறிவிட்டது. இரண்டாம் பாதத்தில் ‘அரி’ முதல் இடத்தில் நிற்கிறது. பிறகு ‘ய’ ல, ‘ஸச்’ கு, ‘சா’ கு, ‘ன’ ல, ‘தஸ்’ கு, ‘ஸ’ ல, ‘னம்’. மூன்றாம் பாதத்தில் ‘சி’ ஐந்தாம் லகு, ‘கிரி’ ஆறாம் இடம், ‘யா’ ஏழாம் குரு.

‘அரிய’, ‘சரிய’ என்ற சொற்களில் இன்னொன்றும் இருக்கிறது. வடமொழி ‘ஆர்ய’, ‘சர்ய’ என்பவற்றில் உள்ள கூட்டு மெய்யைப் பிரிக்கப் பாலியில் ஓர் இகரம் நுழைந்திருக்கிறது. எழுத்தில் வந்த அந்த இகரத்தைச் சந்தம் தனி அட்சரமாக மதிப்பதில்லை. எழுத்துகளை எண்ணினால் ஒன்பதாகிறது. ஒலிக்கும் காலத்தை எடை போட்டால் எட்டின் நடையே கேட்கிறது. பிரித் (காப்புக்காக ஓதும் பாலிச் சுத்தங்கள்) ஓதும் பிக்குகளின் குரலைக் கவனித்துக் கேளுங்கள், எந்த இடத்தில் இரண்டு அட்சரங்கள் விரைந்து நெருங்குகின்றன என்று தெரியும்.

தம்மபதத்தில் சில செய்யுள்கள் சுலோகமாகவே இல்லையே?

அவற்றில் பல வேதாலீயம், வடமொழியில் வைதாலீயம். ஒற்றைப் பாதத்துக்கு 14 மாத்திரை, இரட்டைப் பாதத்துக்கு 16. எல்லாப் பாதமும் ‘கு ல கு ல’ என்று ஓடி ஒரு கடைசி அட்சரத்தில் முடியும். 15ஆம் செய்யுளின் முதல் பாதம்:

இ(1) த(1) ஸோ(2) ச(1) தி(1) பெச்(2) ச(1) ஸோ(2) ச(1) தி(2)

மொத்தம் 14, முடிவும் சரி. அடுத்த பாதம் ‘பாபகாரீ உபயத்த ஸோசதி’. எழுதியபடி எண்ணினால் 17 வருகிறது, ஒன்று மிகை. அடுத்த செய்யுளில் இதே இடத்தில் உள்ள ‘கதபுஞ்ஞோ உபயத்த மோததி’ என்பதை எண்ணினால் சரியாக 16. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் காரணம் விளங்கும்: ‘உபயத்த’ என்பதற்கு முன்னால் ஆறு மாத்திரைக்குத்தான் இடம்; ‘கதபுஞ்ஞோ’ ஆறு, ‘பாபகாரீ’ ஏழு. அடுத்து உயிர் வருவதால் ‘ரீ’ என்ற நெடில் ஒலிப்பில் குறுகி ‘ரி’ ஆகிறது என்று கொண்டால் கணக்கு நேராகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 24ஆம் செய்யுளில் ‘உட்டானவதோ ஸதீமதோ’ என்று வருகிறது. உரைநடையில் ‘ஸதிமதோ’ என்று குறிலாக இருக்க வேண்டிய சொல். ‘கு ல கு ல’ என்ற முடிவுக்கு அந்த இடத்தில் குரு தேவை. ஆகவே ‘ஸதீமதோ’ என்று நீண்டு, எழுத்திலும் அப்படியே நிலைத்துவிட்டது. அகராதியில் நெடிலோடு தேடிக் கிடைக்காமல் திகைக்கும் மாணவர்கள் இதை அறிந்திருந்தால் நேரம் மிச்சமாகும்.

மெத்த சுத்தத்துக்குச் சந்தம் இன்னொன்று. அது ஆரியையின் பழைய வடிவத்தைச் சேர்ந்தது.

சந்தத்தை வைத்துச் சரியான பாடத்தைத் தீர்மானிக்கலாமா?

பல சமயம் உதவும், சில சமயம் கைவிரிக்கும். தம்மபதம் 153இல் வீடு கட்டுபவனைத் தேடும் புகழ்பெற்ற செய்யுளில், சில பதிப்புகள் ‘கஹகாரகம் கவேஸந்தோ’ என்றும், வேறு சில ‘கஹகாரம் கவேஸந்தோ’ என்றும் தருகின்றன. பின்னது எட்டு அட்சரம், விதிப்படி குறையில்லை. முன்னது ஒன்பது, ஆனால் ‘கஹ’ என்ற இரண்டு லகுக்களை முதல் இடத்தில் ஒரு குருவாக வைத்தால் அதுவும் குறையில்லை. சந்தம் இரண்டையும் ஏற்கிறது. அடுத்த செய்யுள் ‘கஹகாரக’ என்று விளிப்பதைக் கொண்டு முன்னதை ஆதரிக்கலாம். எட்டாக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பின்னாளில் ஒருவர் ‘க’வை நீக்கியிருக்கக்கூடும் என்பதும் நியாயமான ஊகமே. ஆனால் அதை முடிவாகச் சொல்லச் சந்தம் மட்டும் போதாது. எண்ணிக்கை ஒத்து வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய பாடத்தைத் திருத்துவது ஆபத்தான பழக்கம்.

பாலிக்கெனத் தனியாகச் சந்த நூல் உண்டா?

உண்டு. 12ஆம் நூற்றாண்டில் இலங்கையில் சங்கரக்கித தேரர் இயற்றிய உத்தோதயம் அது. கேதாரபட்டரின் நூலைப் பின்பற்றி ஆறு அத்தியாயங்களாக அமைந்தது. பிற்காலப் பாலிக் கவிதைக்கு அது நல்ல துணை. திரிபிடகத்தின் பழைய செய்யுள்களுக்கு அதன் விதிகளை அப்படியே பொருத்தினால், மேலே பார்த்த இணக்கங்கள் பலவும் குறைகளாகத் தோன்றிவிடும்.

இரண்டு மொழி மரபும் கலந்த களங்களில் தமிழகமும் இருந்தது. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் தங்கி, வினயம் என்ற பிக்குகளின் ஒழுக்க விதிகளையும் அபிதம்மம் என்ற பௌத்தத் தத்துவத்தையும் பாலிச் செய்யுளாக்கினார். காஞ்சியோடு தொடர்புடைய தண்டி தம் காவியாதர்சத்தில், சருக்கத்தின் முடிவில் விருத்தம் மாற வேண்டும் என்று சொன்னார். இலங்கையின் மகாவம்சமும் சுலோகத்தில் ஓடி, அத்தியாயத்தின் இறுதியில் நீண்ட விருத்தத்துக்கு மாறுகிறது.

ஒவ்வொரு விருத்தத்துக்கும் ஒரு ராகம் உண்டா?

இல்லை. சந்தம் கால அளவை மட்டும் வகுக்கிறது; மெட்டு ஊருக்கும் மரபுக்கும் ஏற்ப மாறும்.

பயிற்சியை எங்கே தொடங்கலாம்?

கீதையிலோ தம்மபதத்திலோ பத்துச் சுலோகங்களை எடுத்து, ஒவ்வோர் அட்சரத்தின் கீழும் ல, கு என்று கையால் எழுதுங்கள். ஐந்து, ஆறு, ஏழாம் இடங்களை மட்டும் கோடிட்டுக்கொள்ளுங்கள். அது பழகிய பிறகு வேதாலீயத்துக்கு வரலாம். தம்மபதம் 15 முதல் 18 வரை நான்கு செய்யுள்களும் ஒரே வார்ப்பில் இருப்பதால் ஒன்றை மற்றொன்று சரிபார்த்துக் கொடுக்கும். 17ஆம் செய்யுளின் மூன்றாம் பாதமான ‘பாபம் மே கதந்தி தப்பதி’ என்பதில் 14க்குப் பதில் 15 வரும். மிகையான ஒரு மாத்திரை எங்கே என்று தேடுங்கள். பாலிச் செய்யுளில் மூக்கொலியான நிக்கஹீதம் தேவைப்பட்டால் மெலிந்து எடை இழக்கலாம். ‘பாபம்’ என்பதை ‘பாப’ என்ற அளவில் லேசாக ஒலித்தால் 14 ஆகிவிடும், ‘தந் தி தப் ப தி’ என்ற முடிவும் இடத்தில் வந்து நிற்கும்.